கையில்லாத குன்று

தோட்டத்து வாழ்க்கை சொர்க்கம் என்று தினமும் விடிந்ததும் வாட்சாப்பில் படம் போட்டு அனுப்புகிறீர்களே, உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். நீங்கள் எல்லாரும் என் வயதுக்காரர்கள். முட்டி வலி, சர்க்கரை, பேரப்பிள்ளைகளைப் பள்ளியில் கொண்டுபோய் விடும் வேலை, எல்லாம் நமக்குப் பொது. லயத்து வரிசை வீட்டின் முன்னால் ரப்பர் பால் வாளிகளைக் கழுவிக் கவிழ்த்திருக்கும் படத்தைப் பார்த்ததும் உங்களுக்குக் கண் கலங்குகிறது. நான் அதை உடனே அழித்துவிடுகிறேன். ஏன் என்று போன வாரம் நம் தோழி ஒருத்தி கோயில் பந்தியில் வைத்துக் கேட்டாள். சாம்பாருக்கும் ரசத்துக்கும் நடுவில் சொல்லக்கூடிய கதையா அது? அதனால் எழுதுகிறேன்.

எங்கள் தோட்டம் ரந்தாவிலிருந்து கோலா சாவா போகும் பக்கத்தில், செம்மண் சாலையில் உள்ளே தள்ளி இருந்தது. நடுவில் ஒரு குன்று. மலை என்று சொன்னால் கேமரன் மலைக்குப் போய் வந்தவர்கள் சிரிப்பார்கள். நாங்கள் மலை என்றுதான் சொன்னோம். அதற்குக் கிழக்கே எங்கள் மேல் லயம். தெற்கே ஆற்றோரமாகக் கீழ் லயம். மலைக்கு மேற்கே ஒரு மலாய்க் கிராமம், கம்பம் என்போம். கம்பத்துக்கும் சாலைக்கும் இடையில் ஒரு சீனக் குடும்பத்தின் காய்கறித் தோட்டம். சூரியன் மலைக்குப் பின்னால்தான் விழும் என்பதால், எல்லாருக்கும் முன்னால் எங்களுக்குத்தான் பொழுது சாயும். கம்பத்துப் பையன்கள் வெயிலில் பந்து உதைக்கிற சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும்போதே எங்கள் லயத்தில் விளக்கு வைத்துவிடுவார்கள். அந்த இரண்டுங்கெட்டான் நேரம் எனக்குச் சின்ன வயதிலிருந்தே பிடிக்காது.

மலையின் இடுப்பு வரைக்கும் கித்தா மரம், அதாவது ரப்பர், படிப்படியாக மண்ணை வெட்டி நட்டது. அதற்கு மேலே காடும் பெரிய பெரிய கற்களும். கம்பெனி ஏன் மேலே நடவில்லை என்று கேட்டால் கணக்கெழுதும் கிராணி, கல்லில் எப்படி மரம் நடுவது என்பார். எங்களை வேலை வாங்கும் மண்டோர் வேறு காரணம் சொல்வார், அதுவும் குரலைத் தாழ்த்தி. சுற்றியிருந்த எல்லாருக்கும் அந்த மலையோடு ஏதோ ஓர் ஒப்பந்தம் இருந்தது. காய்கறித் தோட்டத்துச் சீனப் பெரியவர் அதை விரலால் சுட்டிக் காட்ட விடமாட்டார். நாங்கள் மறந்து காட்டிவிட்டால் விரலைக் கடித்துக்கொள்ளச் சொல்லித் தலையில் தட்டுவார். கம்பத்து ஆட்கள் காட்டுக்குள் கால் வைக்கும் முன்னால் மலையைக் காக்கும் டத்தோவிடம் அனுமதி கேட்டுவிட்டுத்தான் போவார்கள். எங்களுக்கு வாளி.

வாளி என்ன கணக்கு என்று சொல்லிவிடுகிறேன். மற்ற இடங்களில் பால் வெட்டும் பெண்கள் ஆள் கண்ணுக்குத் தெரியாதபோது 'கூ' என்று கூப்பிடுவார்கள், பதிலுக்குக் 'கூ' வரும். மலைச்சரிவில் வெட்டுகிறவர்கள் வாயால் பதில் சொல்லக் கூடாது. கத்திப் பிடியால் பால் வாளியைத் தட்ட வேண்டும். கேட்டதும் கூப்பிட்டவளும் தட்டுவாள். தட்டினால் மனுஷி. தட்டாமல் குரல் மட்டும் வந்தால் வேலையைப் போட்டுவிட்டு இறங்கிவிட வேண்டும்.

"அதுக்கு வாயி மட்டுந்தான் பாப்பா, கையி கெடையாது," என்பார் மண்டோர். "பேசிக் காட்டும், சிரிச்சிக் காட்டும், உங்கம்மா மாதிரியே கூப்பிடும். வாளியத் தட்டுன்னு சொல்லு, முழிக்கும்."

வாளிச் சத்தமும் மலையில் பட்டுத் திரும்பி வருமே, அதை யார் தட்டுகிறார்கள் என்று நான் அப்போதே கேட்டேன். உன் மகளுக்கு வாய் நீளம் என்று அவர் அம்மாவிடம் போய்ச் சொன்னார். என் மகன் எஞ்சினியர். எல்லாம் எதிரொலிம்மா என்கிறான். எதிரொலி எங்களுக்குத் தெரியாதா என்ன? கிணற்றுக்குள் கத்தாத பிள்ளை உண்டா? எதிரொலி நாம் சொன்னதைத்தான் சொல்லும்.

மரம் இலை கொட்டுகிற மாதங்கள் உங்களுக்கு நினைவிருக்கும். இலை முதலில் செம்பு நிறமாகும், பிறகு ஒரேயடியாகக் கொட்டித் தீர்க்கும். நடந்தால் அப்பளம் நொறுங்குகிற மாதிரி சத்தம். பால் குறையும், சம்பளம் குறையும், பெரியவர்களுக்குக் கோபம் கூடும். அந்தக் காலத்தில்தான் மரங்களுக்கு இடையே மலை முழுதாகத் தெரியும். இலை இருக்கும்வரை அமுங்கிக் கிடந்த சத்தமெல்லாம் அப்போது வெளியே வரும். லயத்து வாசலில் ஒருவர் இருமினால் கொஞ்சம் கழித்து மேலே யாரோ இருமுவார்கள்.

அந்த வருடம் இலை கொட்டத் தொடங்கிய சமயத்தில் ஒரு சனிக்கிழமை அம்மாவோடு மலைச்சரிவுக்குப் போனேன். மரத்தில் கட்டிய மங்கில் உறைந்து கிடக்கும் கட்டிப்பாலைப் பிடுங்கிக் கூடையில் போடுவது என் வேலை. கை நாற்றம் சோப்புப் போட்டாலும் போகாது. வெயில் ஏறிவிட்டது. அம்மா அடுத்த நிரையில் வெட்டிக்கொண்டிருந்தாள். மேலே இருந்து 'கூ' என்று வந்தது, பெண் குரல். அம்மா திரும்பிக்கூடப் பார்க்காமல் வாளியைத் தட்டினாள். பதிலுக்குத் தட்டல் இல்லை. அம்மா மறுபடியும் தட்டிவிட்டுக் கத்தியைப் பிடித்தபடி நின்றாள். மறுபடியும் 'கூ' வந்தது. இந்த முறை கொஞ்சம் கிட்டே. ஒரு காகம்கூடக் கத்தவில்லை.

அம்மா என் கூடையைப் பிடுங்கித் தரையில் வைத்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். ஓடவில்லை, வேகமாக நடந்தாள். அப்பளம் நொறுங்குகிற சத்தத்தில் எங்கள் காலடியைத் தவிர வேறு காலடியும் இருக்கிறதா என்று நான் கேட்டுக்கொண்டே வந்தேன். கீழே முனியாண்டிக் கல் வந்ததும்தான் அவள் என் கையை விட்டாள். அவள் விரல் பட்ட இடம் என் மணிக்கட்டில் சிவந்திருந்தது. அன்றைக்கு வெட்டாமல் விட்ட மரங்களுக்கு அரைப்பேர், அதாவது பாதிச் சம்பளம், போட்டுவிட்டார் கிராணி. அம்மா அவரோடு வாதாடவில்லை.

இனி சின்னம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்மாவின் ஒரே தங்கை. அவர்களைப் பெற்றவர்கள் போனபிறகு எங்களோடுதான் இருந்தாள், அவளும் மலைச்சரிவில் பால் வெட்டினாள். அப்போது அவளுக்குப் பதினெட்டு இருக்கலாம். எங்கள் இரண்டு அறை லயத்து வீட்டில் அவளுக்கென்று இருந்த சொத்து ஒரு தகரப் பெட்டி. அதற்குள் ரோஜாப்பூ படம் போட்ட பவுடர் டின், பல் உடைந்த சீப்பு, பசாரில் வாங்கிய பச்சைக் கல் தோடு. அதை எடுத்துப் பார்த்ததற்காக என்னை அடித்திருக்கிறாள், பிறகு அவளே போட்டும் விட்டிருக்கிறாள்.

அவள் பேச்சில் அக்கா வராத வாக்கியம் இருக்காது. அக்கா உப்பு எங்க, அக்கா தூக்கம் வருது, அக்கா இவளப் பாருங்க. அந்த 'அக்கா'வின் முடிவில் குரலை மேலே தூக்கி ஓர் இழுப்பு இழுப்பாள். லயத்தில் எத்தனையோ பேர் அக்கா என்று கூப்பிட்டார்கள். அப்படி இழுக்கிறவள் அவள் ஒருத்திதான். அப்பாகூட அதைப் பேசிக் காட்டிச் சிரிப்பார்.

அந்த நாள் வேலை நாள்தான். நான் பள்ளியிலிருந்து வந்தபோது அம்மா வீட்டில் இருந்தாள், சின்னம்மா இல்லை. பால் நிறுக்கிற இடத்துக்கே அவள் வரவில்லையாம். சோறு ஆறிக்கிடந்தது. அம்மா எனக்குப் பரிமாறிவிட்டுத் தான் சாப்பிடாமல் வாசலிலேயே நின்றாள்.

"எங்கயாவது வெறகு பொறுக்கிட்டு வரும்லா," என்றார் பக்கத்து வீட்டு அத்தை. "பால் கொறஞ்ச மாசம். பொண்ணு மேல ஏறிருக்கும்."

மேலே ஏறியிருக்கும் என்று சொன்னதும் இரண்டு பேரும் மலையைத் திரும்பிப் பார்த்தார்கள்.

மண்டோர் ஆட்களைக் கூட்டிக்கொண்டு தேடப் போனார். ஆள் சேர்ப்பதற்குள் பொழுது இறங்கத் தொடங்கிவிட்டது. துரைக்குச் சொல்லலாமா என்று அப்பா கேட்டார். சொன்னால் வெட்டு முடியாமல் காட்டுக்குள் எதற்குப் போனாள் என்று வேலையைப் பிடுங்கிவிடுவார், நாமே பார்த்துக்கொள்வோம் என்றார் மண்டோர். கம்பத்தில் சொல்லலாமா என்றும் அப்பா கேட்டார். நம் பெண் காணாமல் போனதை ஊரெல்லாம் பறையடிக்க வேண்டுமா என்று இன்னொருவர் சொன்னார். நானும் பிள்ளைகளைப் பெற்று வளர்த்த பிறகு இதை நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது. மலைக்கு அந்தப் பக்கம் அத்தனை வீடுகள் இருந்தன. வேலையும் மானமும் போகாமல் ஒரு பெண்ணைத் தேடலாம் என்று பார்த்தார்கள்.

அவர்கள் செய்த பெரிய தவறு அதுவும் இல்லை. வேலை முடிந்து வாளிகளையெல்லாம் கழுவி ஸ்டோரில் கவிழ்த்து வைத்தாகிவிட்டது. போனவர்கள் கையில் டார்ச் லைட்டும் பாராங் கத்தியும் இருந்தன. வாளி ஒருவரிடமும் இல்லை. கீழே நாங்கள் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தோம். 'கூ, கூ' என்று அவர்கள் கூப்பிடுவது சரிவில் இங்கேயும் அங்கேயுமாக நகர்ந்துகொண்டே போனது. வாளிச் சத்தம் எங்கிருந்தும் வரவில்லை.

விளக்கு வைக்கிற நேரம் வந்துவிட்டது. கம்பத்தில் பந்து விளையாட்டு இன்னும் முடியவில்லை. அப்போது மேலே கற்கள் இருக்கும் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

"அக்கா..."

முடிவில் அதே இழுப்பு. லயத்தில் எல்லாருக்கும் கேட்டது. துணி எடுத்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு அத்தை அப்படியே நின்றார். யார் வீட்டிலோ வானொலியைப் பட்டென்று நிறுத்தினார்கள். இரண்டாவது தடவை இன்னும் தெளிவாக வந்தது. அழுகிற குரலாக இருந்தால்கூடப் பரவாயில்லை. உப்பு எங்கே என்று கேட்பதற்குக் கூப்பிடுவாளே, அந்த மாதிரி சாதாரணமாக இருந்தது.

அம்மா வாசற்படியிலிருந்து இறங்கினாள். வேலியில் கவிழ்த்திருந்த எங்கள் வீட்டுத் தண்ணீர் வாளியை எடுத்தாள். அப்பா ஓடிவந்து அவள் கையைப் பிடித்தார்.

"போகாத."

"அவ கொரலு. அது அவதாங்க."

"வாளிச் சத்தம் கேட்டுச்சா? சொல்லு, கேட்டுச்சா?"

"எங்கயாவது விழுந்து கெடந்தா எப்படித் தட்டுவா? வாளி கையில இருக்கணுமே!"

அப்பா பிடியை விடவில்லை. தேடப் போன ஆட்கள் ஒருவர் மேல் ஒருவர் இடித்துக்கொண்டு இறங்கி வருவது தெரிந்தது. மண்டோர் எல்லாருக்கும் முன்னால் வந்தார். அவர் சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. "ஆள் இல்ல, கொரலு மட்டுந்தான் வருது. யாரும் பதில் சொல்லாதீங்க. கதவச் சாத்துங்க. காலையில பூசாரியோட போவோம்," என்று சொல்லிக்கொண்டே போனார்.

கதவுகள் வரிசையாகச் சாத்தப்பட்டன. அம்மா வாளியோடு நின்றாள். நான் அவள் கைலியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவள் குனிந்து என்னைப் பார்த்தாள். பிறகு மலையைப் பார்த்தாள். வாளியைக் கீழே வைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். அப்பா அவளைத் தூக்கி உள்ளே கொண்டுவந்தார். மூன்றாவது முறையும் அந்தக் குரல் வந்தது. அம்மா இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை.

மறுநாள் பூசாரி வருவதற்குக் காத்திருந்தோம். அதற்கு முன்னால் கம்பத்திலிருந்து ஒரு பாக்சிக், மலாய்ப் பெரியவர், செம்மண் சாலையில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். பின்சீட்டில் சின்னம்மா. விழாமல் இருக்க அவளைத் தன் சாரோங்கால் சைக்கிளோடு சேர்த்துக் கட்டியிருந்தார். ஆடு ஒன்று வழி தவறிப்போய் அதைத் தேடி விடியற்காலையில் அந்தப் பக்கமாக ஏறியிருக்கிறார். இரண்டு கற்களுக்கு இடையே இருந்த பள்ளத்தில் இவள் கிடந்தாளாம். வலது கை முழங்கைக்குக் கீழே வீங்கிக் கோணலாகத் தொங்கியது. முகமெல்லாம் மண். தலைத்துணியைக் கழுத்தில் சுற்றியிருந்தாள். அது ஈரமாக இருந்தது.

இப்போது நீங்கள், எல்லாரும் ஓடிப்போய்த் தாங்கியிருப்பார்கள் என்றுதானே நினைப்பீர்கள்? ஒருவரும் ஓடவில்லை. லயத்து முனையில் நின்று பார்த்தார்கள். சைக்கிள் நின்றது. பாக்சிக்குக் குழப்பம். நாங்கள் பயப்படுகிறோம் என்று அவருக்குப் புரிந்ததும் கோபமாகச் சொன்னார்: "இனி ஓராங் லா! புக்கான் ஹந்து!" இது மனுஷி, பேய் இல்லை என்று.

மண்டோர் யாரிடமோ வாளி ஒன்று கொண்டுவரச் சொன்னார்.

எனக்கு இன்றைக்கும் அந்தக் காட்சி அப்படியே இருக்கிறது. ஒரு பையன் வாளியைக் கொண்டுவந்து எட்ட நின்று தரையில் வைத்துவிட்டு ஓடினான். மண்டோர், தட்டு என்று சைகை காட்டினார். சின்னம்மா தன் வலது கையைப் பார்த்தாள். அது எழும்பவில்லை. உதடு மட்டும் அசைந்தது, சத்தம் வரவில்லை. கூட்டம் ஓர் அடி பின்னால் போனது. பச்சைக் கல் தோடு ஒரு காதில் மட்டும் இருந்தது.

அம்மாதான் போனாள். வாளியை எடுத்து அவள் மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டாள். சின்னம்மா இடது கை விரல் முட்டியால் தட்டினாள். பலமே இல்லை. வாளி லேசாக முனகியது. "இடது கைலா," என்று பின்னாலிருந்து ஒரு கிழவர் சொன்னார். அம்மா திரும்பி அவரைப் பார்த்த பார்வையில் அவர் வாயை மூடிக்கொண்டார்.

வீட்டுக்குள் படுக்கவைத்து மைலோ கலக்கிக் கொடுத்தார்கள். தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் வருவதற்குள் மண்டோர் வாசலில் நின்று ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"நேத்துச் சாயந்தரம் நீ கூப்பிட்டியாம்மா?"

சின்னம்மா அம்மாவைப் பார்த்தாள். குரல் கரகரவென்று, துணி கிழிகிற மாதிரி வந்தது. "இல்ல. நான் வாயே தொறக்கல."

மண்டோர் வெற்றியோடு எல்லாரையும் பார்த்தார். பார்த்தீர்களா, நான் சொன்னேனே, நேற்று யாராவது போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்றார். ஆளாளுக்குப் பெருமூச்சு விட்டார்கள். அப்பா கையெடுத்துக் கும்பிட்டார். அம்மா மட்டும் மைலோக் கிண்ணத்தை வைத்துக்கொண்டு சின்னம்மாவின் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் ஏதோ மாறிவிட்டது. கை கூடியது, கொஞ்சம் கோணலாக. சின்னம்மா மறுபடியும் உப்பு கேட்டாள், தண்ணீர் கேட்டாள். அந்த இழுப்பு மட்டும் போய்விட்டது. அக்கா என்று கூப்பிடுவதையே குறைத்துக்கொண்டாள். ஏதாவது வேண்டுமென்றால் எழுந்து வந்து பக்கத்தில் நிற்பாள். திரும்பிப் பார்த்தால் அவள் நிற்பாள். எனக்குத் தூக்கிவாரிப்போடும். லயத்துப் பெண்கள் அவளோடு மலைச்சரிவில் வெட்டப் போக மறுத்தார்கள். போனது ஒன்று, வந்தது ஒன்று என்று குழாயடியில் பேசிக்கொண்டார்கள். நானும் அவள் தூங்கும்போது மூச்சு விடுகிறாளா என்று பார்த்திருக்கிறேன். சின்னப் பிள்ளைதானே, என்ன செய்வது? பெரியவர்களே அப்படித்தான் பார்த்தார்கள்.

அந்த வருடமே லுக்குட்டில் லாரிப் பட்டறை வைத்திருந்த ஒருவருக்கு அவளைக் கட்டிக்கொடுத்தார்கள். அவருக்கு முதல் மனைவி இறந்து இரண்டு பிள்ளைகள். பெண்ணைச் சீக்கிரம் தள்ளிவிட வேண்டும் என்ற அவசரத்தில் செய்த கல்யாணம் என்று எல்லாருக்கும் தெரியும். நல்லவேளை, மனிதர் நல்லவராக அமைந்தார். அது எங்கள் பெரியவர்களின் சாமர்த்தியம் இல்லை.

அம்மா அதன் பிறகு சின்னம்மாவிடம் நடந்துகொண்ட விதம் எனக்குப் பல வருடம் புரியவில்லை. தீபாவளிக்குத் தனக்கு நூல் புடவை, தங்கைக்குப் பட்டு. காதில் இருந்த ஒரே தங்கத் தோட்டையும் கழற்றிக் கொடுத்துவிட்டாள். லுக்குட்டுக்குப் போகிற பஸ்ஸில் பலகாரம், ஊறுகாய், அரிசி மாவு என்று மூட்டை மூட்டையாக ஏற்றுவாள். போய் இறங்கினால் தங்கையின் முகத்தைப் பார்த்து நாலு வார்த்தை பேச மாட்டாள். சமையலறையில் பாத்திரம் தேய்த்துவிட்டு அடுத்த பஸ்ஸில் கிளம்பிவிடுவாள். சின்னம்மா வாசல்வரைக்கும் வந்து நிற்பாள். இருவரும் ஏதோ சொல்ல வருவார்கள். பஸ் வந்துவிடும்.

காரணத்தை அம்மா தன் கடைசி வருடத்தில்தான் என்னிடம் சொன்னாள். நீலாயில் என் வீட்டில், மகன் வாங்கிக் கொடுத்த சாய்வு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

"அவ கூப்பிட்டா பாப்பா. எனக்குத் தெரியாதா அவ கொரலு? கத்திக் கத்தித்தான் தொண்ட கட்டிப் போச்சு. நான் வரலைன்னு என் மனசு நோவக் கூடாதுன்னு, வாயே தொறக்கலன்னு சொல்லிட்டா. பதினெட்டு வயசுல எவ்ளோ பெரிய மனசு பாரு. நான் என்ன பண்ணேன்? காதப் பொத்திக்கிட்டு உக்காந்துருந்தேன்."

நீங்கள் போயிருந்தால் உங்களுக்கும் ஏதாவது ஆகியிருக்கும் என்றேன். சின்னம்மாவிடம் ஒரு முறை கேட்டுவிடலாமே என்றேன். அம்மா பதறிப்போனாள். கேட்கவே கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள். கேட்டால் அவள் மறுபடியும் எனக்காகப் பொய் சொல்ல வேண்டிவரும் என்றாள். அம்மா சொன்னதுதான் சரி என்று நானும் நம்பினேன். குளிர், காயம், பயந்துபோன ஒரு பெண், மூடநம்பிக்கை பிடித்த ஒரு லயம். இதைத் தவிர வேறு என்ன இருக்கப்போகிறது? நாம் இப்போது வெளிச்சமான வீடுகளில் இருக்கிறோம். எல்லாவற்றுக்கும் காரணம் தெரியும்.

போன வருடம் அம்மா போய்விட்டாள். கருமாதி எல்லாம் முடிந்து கொஞ்ச நாள் கழித்து நான் மட்டும் லுக்குட்டுக்குப் போனேன். மதியம். பட்டறையை இப்போது மூத்தாள் மகன் நடத்துகிறான். பின்னால் வீட்டில் சின்னம்மா விசிறிக்கு நேராக உட்கார்ந்து பட்டாணிக் காய் உரித்துக்கொண்டிருந்தாள். சத்தியம் அம்மாவோடு போய்விட்டது என்று நான் முடிவு செய்திருந்தேன். அவளுக்கு நன்றி சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

"சின்னம்மா, நீங்க அன்னைக்கு அம்மாவுக்காக ஒரு பொய் சொன்னீங்க," என்றேன். "கூப்பிட்டும் கூப்பிடலன்னு சொன்னீங்களே. அதுக்காக உங்களக் கும்பிடணும்."

அவள் காய் உரிப்பதை நிறுத்தினாள்.

"பொய்யா? என்னா பொய்?"

"மலையில..."

"நான் கூப்பிடல பாப்பா," என்றாள். "நான் ஏன் பொய் சொல்லணும்? ஆளுங்க 'கூ'ன்னு சத்தம் போட்டது கேட்டுச்சு. யாரும் வாளி தட்டல. விழுந்ததுல என் வாளி எங்கயோ உருண்டு போச்சு, கை ஒடஞ்சி கெடக்கு. பயத்துல அழுக வந்துச்சு. அழுதா சத்தம் வெளிய வந்துடும்னு தலைத்துணிய வாய்க்குள்ள திணிச்சிக்கிட்டேன். தொண்ட அதுலதான் புண்ணாச்சு."

பட்டறையில் யாரோ இரும்பை அடித்துக்கொண்டிருந்தார்கள். அவள் அது நிற்கும் வரைக்கும் பொறுத்திருந்தாள்.

"அப்புறந்தான் அது ஆரம்பிச்சிச்சு. எனக்கு மேல, அந்தக் கல்லு மேல ஒக்காந்துகிட்டு. என் கொரலு. அக்கான்னு. நான் எப்படி இழுப்பேனோ அப்படியே. என் வாயில துணி இருக்கு, என் கொரலு மேல இருந்து கூப்பிடுது. உங்கம்மாவத்தான் கூப்பிடுதுன்னு எனக்குத் தெரிஞ்சி போச்சு. அக்காவுக்கு என் மேல உசுரு. எவன் தடுத்தாலும் வந்துடுவாங்க. எனக்கு அப்ப கை வலியில்ல, ஒண்ணுமில்ல. அக்கா வராத, அக்கா வந்துடாத, அக்கா காதப் பொத்திக்கன்னு முனியாண்டிய வேண்டிக்கிட்டே கெடந்தேன்."

விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. இதை ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று கடைசியில் கேட்டேன்.

"எப்படிச் சொல்றது? வாளியத் தட்டச் சொன்ன சனங்க. மேல இருந்து என் கொரலக் கேட்டேன்னு சொன்னா என்னை லயத்துல விட்டுருப்பாங்களா? நான் கூப்பிடலன்னு மட்டும் அக்கா காதுல விழுந்தா போதும்னு இருந்துட்டேன். அக்கா வரல. என் வேண்டுதல் பலிச்சிதுன்னு சந்தோசந்தான் எனக்கு. அதுக்கப்புறம் அவங்க என் மொகத்தப் பாக்குறதில்ல. அவங்களுக்கும் என் மேல பயம் போலன்னு விட்டுட்டேன்."

அவள் முறத்தை ஒதுக்கி வைத்துவிட்டு என் பக்கமாகச் சாய்ந்தாள். கோணலாகக் கூடிய அந்தக் கையை என் முட்டியின் மேல் வைத்தாள்.

"நான் கூப்பிடலன்னு சொன்னத அக்கா நம்புனாங்கதானே பாப்பா?"

அம்மா சாய்வு நாற்காலியில் உட்கார்ந்திருந்தது என் கண்ணுக்கு முன்னால் வந்தது. ஐம்பது வருடமாகத் தங்கைக்குப் பட்டு வாங்கிக் கொடுத்துவிட்டு அடுத்த பஸ்ஸில் ஓடிவந்த அம்மா.

"நம்புனாங்க சின்னம்மா," என்றேன். "சாவுற வரைக்கும் நம்புனாங்க."

சாவு வீட்டில்கூட அழாதவள் அன்றைக்குத்தான் அழுதாள்.